சரிவை அறியாத கருவி

நுழையும்முன்

கொங்கு மண்டலத்து நெடுஞ்சாலைகளில் ஓடும் கார்கள் பலவற்றில் இன்று சீர்வேகக் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அது எரிபொருளை மிச்சப்படுத்துமா, விரயமாக்குமா என்னும் வினாவுக்கு இயற்பியல் பாதி விடையைத்தான் தரும். மீதியை நிலம் தர வேண்டும். சேலம் முதல் வாளையாறு வரை நீளும் சாலையையும் அதைச் சூழ்ந்த மலைப்பாதைகளையும் முன்வைத்து அவ்விடையைத் தேடுகிறது இக்கட்டுரை.

இருவகைப் பேச்சு

செங்கப்பள்ளியைத் தாண்டியதும் கோவையை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை அகன்று ஆறு வழிகளாக விரிகிறது. அவ்விடத்திற்கு வந்ததும் கார் ஓட்டுவோர் சிலர் ஸ்டியரிங்கில் உள்ள ஒரு சிறு பொத்தானை அழுத்திவிட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகின்றனர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்று குறித்துவிட்டால், கால் படாமலேயே கார் அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு செல்கிறது. க்ரூஸ் கன்ட்ரோல் என்று வழங்கும் இந்தச் சீர்வேகக் கருவி முன்பு விலையுயர்ந்த கார்களில் மட்டுமே இருந்தது. இப்போது நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலும் வந்துவிட்டது.

இதைப் பற்றி வாகனம் ஓட்டுவோரிடையே இருவகைப் பேச்சு உண்டு. பொத்தானை அழுத்திவிட்டால் மைலேஜ் கூடும் என்பது ஒன்று. கருவி எண்ணெயைக் குடித்துவிடும், காலால் ஓட்டுவதே சிக்கனம் என்பது மற்றொன்று. இரு தரப்பாரும் தத்தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். எவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் எந்தச் சாலையில் ஓட்டினார், மற்றவர் எந்தச் சாலையில் ஓட்டினார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காரணம் உண்டு. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் பிற நாடுகளிலிருந்து வாங்குகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற ஊர்களில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் மிகப் பல. அத்தொழிலின் செலவுகளில் தலையாயது டீசல். டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் செய்யும் ஒரு பழக்கம் மலைச்சரிவுகளில் உயிரையும் பறித்துவிடுகிறது. அது பின்னர் விளக்கப்படும்.

பார்வையற்றவரின் படைப்பு

சீர்வேகக் கருவியைப் படைத்தவர் கார் ஓட்டியவர் அல்லர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1890ஆம் ஆண்டு பிறந்த ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதில் நேர்ந்த விபத்தால் கண்பார்வையை இழந்தார். ஆயினும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். பிஸ்டன் வளையங்கள் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றி அதன் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார்.

அவருடைய வழக்கறிஞர் ஒருவர் காரை ஓட்டிச் செல்லும்போது பேசிக்கொண்டே வருவார். தாம் பேசும்போது வேகத்தைக் குறைப்பார். பிறர் பேசக் கேட்கும்போது கூட்டுவார். வண்டி முன்னும் பின்னுமாகக் குலுங்கும். கண்ணால் சாலையைக் காண்பவருக்கு அக்குலுக்கல் பெரிதாகத் தோன்றாது. உடலால் மட்டுமே பயணத்தை உணர்ந்த டீட்டருக்கு அது பொறுக்கவில்லை. அந்த எரிச்சலே ஆராய்ச்சியாயிற்று. 1950இல் அவருடைய கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் எரிபொருள் எங்குமே இல்லை. பயணத்தைச் சீராக்குவதே கருவியின் நோக்கம். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974இல் அமெரிக்கா நாடெங்கும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 89 கிலோமீட்டர் என்று வேக எல்லை வகுத்தது. அப்போதுதான் சீர்வேகக் கருவிக்குச் சிக்கனக் கருவி என்னும் பெயரும் சேர்ந்தது. பிறர் சூட்டிய அப்பெயருக்கு அது எவ்வளவு தகுதி உடையது என்பதே இங்குள்ள வினா.

கரும்பாலையின் கவர்னர்

கருவியின் கோட்பாடு கொங்கு நாட்டு உழவருக்குப் புதிதன்று. கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் ஆயில் எஞ்சினால் ஆலையாட்டிய காலத்தை நினைவுகூர்வோருக்கு அதன் ஒலியும் நினைவிருக்கும். உருளைகளுக்கு இடையே கரும்பைச் சற்றுக் கூடுதலாகத் திணித்தால் எஞ்சினின் ஒலி ஒரு கணம் தாழும். உடனே தன்னைத் தூக்கிக்கொண்டு பழைய ஒலிக்குத் திரும்பும். புகைபோக்கியில் கரும்புகை சற்றே தடிக்கும். எஞ்சினுக்குள் சுழலும் இரு குண்டுகளே அதைச் செய்தன. வேகம் குறைந்தால் குண்டுகள் உள்வாங்கி எண்ணெயைக் கூட்டும். வேகம் மிகுந்தால் வெளியே விரிந்து எண்ணெயைக் குறைக்கும். கவர்னர் என்று உழவரும் மெக்கானிக்கும் ஒருசேர அழைத்த அந்த உறுப்பின் முன்னோடியை ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினுக்குப் பொருத்தினார்.

இன்றைய காரில் குண்டுகள் இல்லை. சக்கரத்தின் சுழற்சியை உணரியொன்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. குறித்த வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சிறு கணிப்பொறி நோக்கி, எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. பொருள் மாறிற்று, தத்துவம் மாறவில்லை. கரும்பாலையின் கவர்னர் காப்பாற்றியது வேகத்தை, எண்ணெயை அன்று. சுமை ஏறினால் தயங்காமல் எண்ணெயை ஊற்றியதை அந்தக் கரும்புகையே காட்டிற்று. காரின் கருவியும் அப்படித்தான். வேகத்தைக் காப்பதும் எரிபொருளைக் காப்பதும் ஒரே செயலாக அமையும் இடங்கள் உண்டு. இரண்டும் பிரிந்து எதிரெதிரே நிற்கும் இடங்களும் உண்டு.

160 கிலோமீட்டர்க் கணக்கு

ஒரே செயலாக அமையும் இடத்தை முதலில் காணலாம். சேலத்திலிருந்து கோவை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் மாறா வேகத்தில் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் சென்று சேர்கிறார் என்று கொள்வோம். மற்றொருவர் முதல் ஒரு மணி நேரம் 60 கிலோமீட்டர் வேகத்திலும், அடுத்த ஒரு மணி நேரம் 100 கிலோமீட்டர் வேகத்திலும் செல்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் உக்கடம் வந்து இறங்குகின்றனர். ஆனால் செலவு ஒன்றன்று.

காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். எனவே மெதுவாகச் சென்றபோது மிச்சப்படுத்தியதைவிட விரைந்து சென்றபோது இழந்தது மிகுதி. கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டாமவர் காற்றை எதிர்த்துச் செய்த வேலை முதலாமவர் செய்ததைவிட ஏறத்தாழ 19 விழுக்காடு கூடுதல். சமதளத்தில் ஒரு தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் கடக்க வேண்டுமெனில் மாறா வேகமே சிக்கனம் என்னும் விதி இதிலிருந்து பெறப்படுவது.

இவ்விதியைக் கேட்டதும் கருவியைப் புகழத் தொடங்கிவிடக் கூடாது. எடுத்துக்காட்டில் உள்ளவர் 60க்கும் 100க்கும் இடையே ஆடினார். பழகிய கையும் காலும் உடையவர் அவ்வளவு ஆடுவதில்லை. அவருடைய வேகம் 75க்கும் 85க்கும் இடையே அசைந்தால், அதே கணக்கின்படி காற்றை எதிர்த்துச் செய்யும் வேலை ஒரு விழுக்காட்டை ஒட்டியே கூடுகிறது. வேகத்தைச் சீராக்குவதால் மட்டும் கிடைக்கும் ஆதாயம், நல்ல ஓட்டுநருக்கு இவ்வளவு சிறியதுதான்.

உண்மையான ஆதாயம் வேறோரிடத்தில் இருக்கிறது. அகன்ற சாலையில் மனிதக் கால் தானறியாமல் அழுந்தும். 80 என்று தொடங்கியவர் பெருமாநல்லூரைக் கடக்கும்போது 95இல் இருப்பார். பக்கத்தில் ஒரு பேருந்து முந்திச் சென்றால் 105ஐத் தொடுவார். ஏறத்தாழ 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எதிர்கொள்ளும் தடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு காற்றினுடையது. எஞ்சியது டயர்களின் உருள்தடை. வேகம் 100 ஆனால் மொத்தத் தடை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடுகிறது. காலின் இந்த அறியாப் பேராசையைத் தடுப்பதே சீர்வேகக் கருவி செய்யும் பெரும் உதவி. அதே கருவியில் 100 என்று குறித்துவிட்டு மைலேஜை எதிர்பார்ப்பவருக்கு அது எவ்வுதவியும் செய்வதில்லை. பொத்தானைவிடப் பொத்தானில் குறிக்கும் எண்ணே முதன்மையானது. 1978இல் அமைக்கப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுமாறு அறிவுறுத்தி வந்தது இதனால்தான். அவ்வளவு மெதுவாக இன்றைய நெடுஞ்சாலையில் ஓட்ட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும் என்பது வேறு வினா.

நகருக்குள் இக்கருவிக்கு வேலையில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒருமுறை முற்றிலும் நின்று மீண்டும் அவ்வேகத்தை எட்ட, ஏறத்தாழ 35 மில்லி லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது. பிரேக் பிடித்தபோது அத்தனை ஆற்றலும் வெப்பமாகிப் போய்விடுகிறது. சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்டதும், கோவையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டதும் இத்தகைய நிறுத்தங்களைக் குறைத்தன. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பேருந்து ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரை அம்மேம்பாலம் தாங்கி நிற்கிறது.

நிலம் கொடுக்கும் கடன்

ஈரோட்டிலிருந்து கோவைக்கு அடிக்கடி சென்று வருவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். போகும்போது கிடைக்கும் மைலேஜைவிடத் திரும்பும்போது கிடைப்பது சற்று மிகுதி. வண்டியில் குறையில்லை, பெட்ரோலிலும் குறையில்லை. ஈரோடு கடல்மட்டத்திலிருந்து 180 மீட்டரை ஒட்டிய உயரத்திலும், கோவை 410 மீட்டரை ஒட்டிய உயரத்திலும் உள்ளன. கண்ணுக்குச் சமவெளியாகத் தெரியும் அந்த நூறு கிலோமீட்டரில் சாலை ஏறக்குறைய 230 மீட்டர் ஏறுகிறது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல் கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியில் கலப்பதே அச்சரிவுக்குச் சான்று. ஆற்றை எதிர்த்து மேற்கே செல்லும் கார், தன் எடையை 230 மீட்டர் தூக்குவதற்காக மட்டும் ஏறத்தாழ 300 மில்லி லிட்டர் பெட்ரோலைச் செலவிடுகிறது.

இது இழப்பன்று, கடன். திரும்பும்போது ஏறக்குறைய முழுவதும் வரவாகிவிடுகிறது. இத்தகைய மென்சரிவில் சீர்வேகக் கருவியும் பழுதின்றிப் பணி செய்கிறது. ஏறும்போது சற்றுக் கூடுதலாகவும் இறங்கும்போது சற்றுக் குறைவாகவும் எரிபொருளைத் தருகிறது. பிரேக்குக்கு வேலை வருவதில்லை.

சரிவு மிகும்போதுதான் கணக்கு மாறுகிறது. 35 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறங்கும் சாலையில், கார் எஞ்சினின் உதவியே இன்றி 80 கிலோமீட்டர் வேகத்தில் உருளும். அதைவிடச் செங்குத்தான மேட்டைச் சீர்வேகக் கருவி எப்படிக் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்னால் உள்ள மேடு அதற்குத் தெரியாது. வேகம் குறைந்த பின்னரே விழித்துக்கொண்டு எரிபொருளை வாரி ஊற்றுகிறது. தானியங்கிக் கியர் உள்ள கார்களில் கியர் கீழே இறங்கி எஞ்சின் உறுமத் தொடங்குகிறது. உச்சிவரை 80ஐ விடாமல் பிடித்து ஏறி மறுபுறம் தலைநீட்டிய கணமே கார் 80ஐ மீற முயல்கிறது. இப்போது கருவி எரிபொருளை நிறுத்துகிறது; எஞ்சினின் இழுவை வேகத்தைத் தடுக்கிறது; சில கார்களில் பிரேக்கும் தானே இயங்குகிறது. காசு கொடுத்து வாங்கிய உயரம் வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது.

பழகிய ஓட்டுநர் அப்படிச் செய்வதில்லை. உச்சிக்குச் சற்று முன்னரே காலைத் தளர்த்துகிறார். 80 என்பது 70 ஆகிறது. உச்சியைக் கடந்ததும் சரிவே அவருக்கு அந்தப் பத்தைத் திருப்பித் தருகிறது. வேகத்தின் சீர்மையை விட்டுக்கொடுத்து எரிபொருளைப் பெறுகிறார். கருவியோ எரிபொருளை விட்டுக்கொடுத்துச் சீர்மையைப் பெறுகிறது.

லாரிக்கு இவ்வேறுபாடு இன்னும் பெரிது. 25 டன் சுமையோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி, ஏறத்தாழ 90 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவிலேயே தானாக உருளத் தொடங்கிவிடும். காருக்குச் சமதளமாகத் தோன்றும் சாலை லாரிக்கு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. சாலையை முன்னறிந்து ஓட்டுவதன் பயன் லாரி ஓட்டுநருக்கே மிகுதி.

சரிவைத் துணைக்கொள்ளும் இவ்வறிவு கொங்கு மண்ணில் எண்ணெய் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. கவலை இறைப்பைக் கண்டவர்கள் இன்று குறைவு. கிணற்று மேட்டிலிருந்து வெளிநோக்கித் தாழ்ந்து செல்லும் சரிவுப் பாதை ஒன்றை அமைத்திருப்பர். நீர் நிறைந்த சாலை மேலே இழுக்க வேண்டிய நேரத்தில் எருதுகள் அந்தச் சரிவில் கீழ்நோக்கி நடக்கும். அவற்றின் உடல் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். ஓட்டுபவரும் வடத்தின்மேல் அமர்ந்து தம் எடையைச் சேர்ப்பார். நீர் கொட்டிய பின் வெறுஞ்சால் கிணற்றுக்குள் இறங்கும். எருதுகள் சுமையின்றி மேலேறும். சுமை உள்ளபோது இறக்கம், சுமை இல்லாதபோது ஏற்றம். சமதளத்தில் மாறா வேகத்தில் இழுக்கச் செய்திருந்தால் அந்த எருதுகள் பொழுது சாயும்வரை தாங்கியிரா.

கணவாயின் காற்று

கோவைக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை திடீரென்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்னும் இவ்வாயில் வழியாகவே பண்டைய வணிகர் மேலைக் கடற்கரையிலிருந்து கொங்கு நாட்டின் ஊடே கிழக்கே சென்றனர். நொய்யற்கரைக் கொடுமணலும் கோவையை அடுத்த ராசகேசரிப் பெருவழியும் அதற்குச் சான்றுகள். தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் அதுவே வழி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழிக்கு இப்பகுதியில் விளக்கம் தேவையில்லை. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் நிற்கும் காற்றாலைகள் அக்காற்றை நம்பியே நடப்பட்டன.

ஆனி, ஆடி மாதங்களில் கோவையிலிருந்து வாளையாறு நோக்கி 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்த்து வரும் காற்றைச் சந்தித்தால், காற்றைப் பொறுத்தவரை அதன் வேகம் 100. காற்றுத்தடை 56 விழுக்காடு உயர்கிறது. திரும்பி வரும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுமே, கணக்கு நேராகிவிடாதா என்று கேட்கலாம். நேராவதில்லை. போகும்போது 100இன் இருமடி, வரும்போது 60இன் இருமடி. இரண்டின் சராசரி, காற்றில்லாத நாளின் 80இன் இருமடியைவிட 6 விழுக்காடு மிகுதி. மென்சரிவைப் போலக் காற்று கடனை முழுவதும் திருப்பித் தருவதில்லை.

எதிர்க்காற்றில் சீர்வேகக் கருவி என்ன செய்யும் என்பது இப்போது வெளிப்படை. அதற்குக் காற்றும் தெரியாது. வேகம் குறைகிறது என்பது மட்டும் தெரியும், எண்ணெயை ஊற்றும். மனிதக் காலோ எஞ்சின் திணறுவதைக் கேட்டுச் சற்றுப் பின்வாங்கும். ஆடி மாதத்தில் மேற்கே செல்பவர் கருவியில் குறிக்கும் எண்ணைப் பத்துக் குறைத்துவிட்டால் போதும். காற்று கேட்கும் கூடுதல் விலையில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். இந்த எளிய செயலைக் கருவி தானாகச் செய்துகொள்ளாது. ஒருவர் கை நீட்டிச் செய்ய வேண்டும்.

நியூட்ரலில் விடும் வழக்கம்

மலைப்பாதைகளில் சீர்வேகக் கருவிக்கு இடமே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகை செல்லும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, திம்பத்துக்கு 27. உதகைக்கு ஏறும் கார் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர்கிறது. அவ்வுயரத்துக்கு மட்டும் இரண்டரை லிட்டருக்கும் மேல் பெட்ரோல் ஆகிறது. இறங்கும்போது இக்கடன் திரும்புவதில்லை. வளைவுகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதிலேயே பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. மின்சாரக் கார்கள் அதில் ஒரு பங்கை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. உதகையிலிருந்து இறங்கி வரும் மின்சாரக் காரின் மின்கலத்தில் அளவு கூடியிருப்பதைக் கண்டு வியப்பவர்கள் உண்டு.

முன்னர்ச் சுட்டிய உயிர்கொல்லிப் பழக்கம் இத்தகைய இறக்கங்களில்தான் நேர்கிறது. இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் டீசல் மிச்சமாகும் என்று லாரி ஓட்டுநரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாயில் அடுத்தடுத்து நிகழ்ந்த கோர விபத்துகளுக்குக் காவல்துறையினர் சுட்டிக்காட்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று. கியரில் இருக்கும் லாரியை எஞ்சின் பின்னிழுத்துக்கொண்டே வரும். நியூட்ரலில் விடப்பட்ட லாரிக்கு அந்தப் பிடி இல்லை. பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். அடுத்தடுத்து மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறுகிறது. சூடேறிய பிரேக் பிடிமானத்தை இழக்கிறது. அதன்பின் ஓட்டுநர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் மிச்சமாவது உண்மையா என்றால், அதுவும் இல்லை. கணிப்பொறியால் எரிபொருள் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரை விடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முற்றிலும் நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ள எண்ணெயைக் கேட்கும். செங்குத்தான இறக்கத்தில் கியரில் வருபவர் செலவிடுவது சுழி. நியூட்ரலில் வருபவர் செலவிடுவது அதைவிட மிகுதி. பழைய வண்டிகளின் காலத்தில் பிறந்த நம்பிக்கை, வண்டிகள் மாறிய பின்னும் ஓட்டுநர் தலைமுறைகளின் வழியே கைமாறி வந்துகொண்டிருக்கிறது. சாலையோரத்தில் எச்சரிக்கைப் பலகை வைப்பதோடு, நியூட்ரலில் டீசல் மிச்சமாவதில்லை என்னும் இந்த ஒரு செய்தியையும் அதில் எழுதி வைத்தால் பயன் மிகும். உயிருக்கு அஞ்சாதவரும் டீசல் செலவுக்கு அஞ்சுவர்.

முன்னறியும் கருவி

சரிவை அறியாமை சீர்வேகக் கருவியின் பிறவிக் குணமாக இனியும் இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய, அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கனரக லாரிகள் பலவற்றில், நிலத்தின் உயரத்தையும் பதிவுசெய்த வரைபடத்தோடு இணைந்த கருவிகள் வந்துள்ளன. செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தை அறிந்து, அடுத்த சில கிலோமீட்டரில் வரப்போகும் மேட்டையும் இறக்கத்தையும் அவை முன்கூட்டியே காண்கின்றன. மேடு வருமுன் சற்று வேகம் சேர்க்கின்றன. உச்சியை நெருங்குகையில் எரிபொருளைக் குறைத்து வேகம் தளர விடுகின்றன. பிறகு வண்டியைச் சரிவின் பொறுப்பில் ஒப்படைக்கின்றன. குறித்த எண்ணிலிருந்து சில கிலோமீட்டர் மேலும் கீழும் அசைவதற்கு அவற்றுக்கு உரிமை தரப்பட்டுள்ளது.

சங்ககிரிப் பக்கத்துப் பழைய லாரிகளில் அத்தகைய வரைபடம் ஏதும் இல்லை. அவற்றை ஓட்டிச் செல்லும் முதிய ஓட்டுநர் சிலருக்கு, தாம் பல்லாண்டாகச் சென்றுவரும் சாலையின் ஒவ்வொரு மேடும் மனப்பாடம். உச்சிக்கு இன்னும் நூறு அடி இருக்கும்போதே கால் தளர்கிறது. எஞ்சினின் ஒலி ஒரு படி தாழ்கிறது. பக்கத்து இருக்கையில் உறங்கும் கிளீனர் அம்மாற்றத்தை உணர்வதில்லை. பாரம் உச்சியைத் தாண்டி முன்சாய்கிறது. கியர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கை அதன்மேல் இருக்கிறது.